அணைந்த பெட்டி உறங்குகிறதா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இரவு ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் படுக்கப் போகும் குடும்பஸ்தர், டிவியோடு செட்டாப் பாக்ஸும் உறங்கிவிட்டதென்றே நம்புகிறார். விடியற்காலையில் அந்தப் பெட்டியின்மேல் கைவைத்து, இரவெல்லாம் ஓடிய இயந்திரத்தின் சூட்டை உணர்வாராயின், தம் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பது அவருக்கே விளங்கும்.

பெட்டியின் ஒவ்வோர் உறுப்பையும் ஆள்வதற்கு டிரைவர் என்னும் சிறு மென்பொருள் உண்டு. பல பெட்டிகளுக்கு அடித்தளமான லினக்ஸில், 2009-இல் வெளிவந்த 2.6.32 பதிப்பு முதல் இதற்கென ஒரு கிரமம் இருக்கிறது: உறுப்பை நாடும் வேலை ‘வேண்டும்’ என்றால் கணக்கில் ஒன்று ஏறும், ‘போதும்’ என்றால் ஒன்று இறங்கும், கணக்கு பூஜ்யமானால் சற்றே பொறுத்திருந்து, டிரைவர் அந்த உறுப்பின் மின்சாரத்தைக் குறைத்து உறங்கவைக்கும். எங்கோ ஒரு பிழை நேர்ந்து வேலை பாதியில் திரும்பும்போது ‘போதும்’ என்று சொல்ல நிரல் எழுதியவர் மறந்திருந்தால், கணக்கு ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. உறுப்பு நித்திரையின்றிக் கிடக்கும். போர்டை மாற்றித் தருகிறேன் என்று சர்வீஸ்காரர் சொன்னால், மென்பொருளும் மாறுமா என்று கேளுங்கள். மாறாவிட்டால் புதிய போர்டும் விழித்தே இருக்கும்.

பத்து வாட் வீதம் ஓயாமல் இழுக்கும் பெட்டி அறுபது நாளில் 14.4 யூனிட்டை விழுங்கும். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறைப்படி, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் உயர்ந்த வீதத்துக்கு ஏறிவிடுவதால், விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இது அற்பமான நஷ்டமன்று. ஐரோப்பாவில் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்குக் காத்திருப்பு நிலையில் அரை வாட்டே வரம்பென்று 2013 முதல் சட்டம் இருப்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சந்தேகத்தை வீட்டிலேயே தீர்க்கலாம். மற்ற எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிட்டு, ரிமோட்டில் அணைத்த பெட்டியை மட்டும் விட்டு, மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் என்று மீட்டரில் எழுதியிருந்தால், பத்து வாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை சிமிட்டும். அதைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

கையேட்டிலோ அட்டைப்பெட்டியிலோ காத்திருப்பு வாட் அச்சிடப்பட்டிருந்து, அதைவிட அதிகம் இழுக்குமானால், விற்றவர் கூறிய தரத்துக்குக் குறைவதும் குறைபாடே என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். என் அபிப்பிராயத்தில், உறக்கமும் நாம் விலைகொடுத்து வாங்கிய சரக்கின் ஓர் அங்கமே. முதலில் தயாரிப்பாளரிடம் மென்பொருள் திருத்தத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதுவும் பயன்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. குறை நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். சோதனையின்றி நிர்ணயிக்க இயலாத குறையென்றால், ஆணையமே பெட்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அச்செலவை மனுதாரர் முன்கூட்டிக் கட்டவேண்டியிருக்கும். ஆவடி, பூந்தமல்லிவாசிகளுக்குத் திருவள்ளூர் ஆணையம்; அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது. தீர்ப்பு வரும்வரை, இரவில் சுவரிலுள்ள சுவிட்சையே அணைத்துவிடுங்கள்.