'ஹவ்' செய்த குழப்பம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "'அவர் பார்க்க எப்படி இருப்பார்?' என்பதற்கு 'ஹவ் டஸ் ஹி லுக் லைக்?' என்று எழுதினேன். தப்பு என்கிறார்கள். எப்படி என்றால் 'ஹவ்' தானே?"

ஆளுக்கு 'ஹூ', இடத்துக்கு 'வேர்', நேரத்துக்கு 'வென்' என்பதெல்லாம் அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வில்லங்கம் அந்த 'லைக்'கில் இருக்கிறது. 'ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்' என்று சொல்லும்போது 'லைக்'குக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வருகிறது. கேள்வி அந்தப் பெயர்ச்சொல்லைத்தான் தேடுகிறது. அதற்கு 'வாட்' வேண்டும். 'வாட் டஸ் ஹி லுக் லைக்?' என்பதே சரி. 'லைக்'கைக் கழற்றிவிட்டு 'ஹவ் டஸ் ஹி லுக்?' என்றும் கேட்கலாம். ஆனால் அது பெரும்பாலும் ஆள் தெம்பாக இருக்கிறாரா, சட்டை எடுப்பாக இருக்கிறதா என்ற விசாரிப்பு. அங்க அடையாளம் கேட்க அது உதவாது.

அதனால் பதிலை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 'ரவி ப்ரோக் த பாட்.' உடைத்தவரைக் கேட்டால் 'ஹூ ப்ரோக் த பாட்?' ரவி இருந்த இடத்தில் 'ஹூ' வந்தால் வேலை முடிந்தது. உடைந்ததைக் கேட்டால் 'வாட் டிட் ரவி ப்ரேக்?' 'ப்ரோக்' இங்கே 'ப்ரேக்' ஆகிவிட்டது, கவனித்தீர்களா? நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். ஒருவர் எடுத்துப் போனால் மற்றவர் கையில் இருக்காது. இறந்தகாலமும் அப்படித்தான். 'டிட்' எடுத்துக்கொண்டால் வினைச்சொல்லுக்குக் கிடையாது.

'எப்படி என்றால் ஹவ், எது என்றால் விச்' என்று கட்டம் போட்டுத் தரும் கைடுகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 'ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது?' என்பதற்கு ஆங்கிலத்தில் 'வாட்' போட்டுத்தான் கேட்பார்கள். நாலு ஊர்ப் பெயரைக் கொடுத்து இவற்றில் எது என்றால்தான் 'விச்' பொருந்தும். இந்த வித்தியாசம் கேட்டுக் கேட்டுத்தான் வரும். நம் வகுப்புகளிலோ கேட்பது வாத்தியார் மட்டும். பிள்ளைகள் பதில் எழுதியே பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

போகட்டும். கேள்விச் சொற்களில் 'ஹவ்' மட்டும் ஏன் டபிள்யூவில் தொடங்குவதில்லை? அதுவும் அதே குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்களில் ஹெச் முன்னால் நின்றது, 'வ' ஒலிக்கான எழுத்து பின்னால் வந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிந்தைய காலத்தில் எழுத்தர்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். 'ஹவ்' அதற்கு வெகுமுன்பே 'வ' ஒலியைத் தொலைத்துவிட்டது. அதில் திருப்பிப்போட எதுவும் இல்லை. 'ஹூ'வில் அந்த ஒலி பிற்பாடுதான் தேய்ந்தது. அதற்குள் டபிள்யூ எழுத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்றும் எழுதுகிறோம், உச்சரிப்பதில்லை.