மோட்டார்ஹோம் வீட்டுப் பேட்டரிகளை மாற்றுதல்

மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு ஊர்தியில் இரண்டு தனித்தனிப் பேட்டரி அமைப்புகள் உள்ளன. ஒன்று எஞ்சினை இயக்கித் தொடங்கும் பேட்டரி. மற்றொன்று விளக்கு, தண்ணீர் பம்பு, சூடேற்றியின் விசிறி முதலியவற்றுக்கு 12 வோல்ட் மின்சாரம் தரும் வீட்டுப் பேட்டரி. முன்னது சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. பின்னது பல மணி நேரம் சிறிது சிறிதாக மின்சாரம் தர வேண்டியிருப்பதால் அதன் தகடுகள் தடித்தவை. எஞ்சின் பேட்டரியை வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொருத்தினால் அது விரைவில் பழுதாகிவிடும்.

மின் இணைப்புள்ள முகாம்களில் மட்டும் தங்குவோர் இதைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனப் பொதுநிலங்களில் குளிர்காலத்தை வாரக்கணக்கில் கழிப்போரின் நிலை வேறு. அங்கே பகலில் இதமான வெயிலும் இரவில் குளிரும் இருக்கும். எரிவாயுச் சூடேற்றி விசிறி இல்லாமல் இயங்காது. எனவே பேட்டரி இறங்கிவிட்டால், உருளை நிறைய எரிவாயு இருந்தும் பயனில்லை. எரிவாயுக் கசிவை எச்சரிக்கும் கருவியும் பெரும்பாலும் இதே பேட்டரியை நம்பியே உள்ளது.

தேவையைக் கணக்கிடுதல்

ஒரு கருவி எடுக்கும் ஆம்பியரை அது இயங்கும் மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்பியர்-மணி கிடைக்கும். 7 ஆம்பியர் எடுக்கும் விசிறி இரவில் 6 மணி நேரம் ஓடினால் 42 ஆம்பியர்-மணி செலவாகும். மற்றவற்றுக்கு 38 என்று கொண்டால் ஒரு நாள் தேவை 80. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் குறைந்தது 160 ஆம்பியர்-மணித் திறன் வேண்டும். லித்தியம் வகைக்கு 100 போதும்.

பலரும் தேர்ந்தெடுப்பது கோல்ஃப் வண்டிகளில் பயன்படும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. இவற்றைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றும் 220 ஆம்பியர்-மணி என்றால் மொத்தமும் 220தான், 440 அன்று. உறையில் அச்சிட்ட எண் பொதுவாக 20 மணி நேரம் மெதுவாக இறக்கும்போது கிடைக்கும் அளவு. மைக்ரோவேவ் அடுப்பை இன்வெர்ட்டர் வழியாக இயக்கினால் 100 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், அப்போது ஈய-அமிலப் பேட்டரியின் பயன்தரும் திறன் வெகுவாகச் சுருங்கும். இத்தொடர்பை 1897இல் ஜெர்மனியைச் சேர்ந்த பொய்கெர்ட் விளக்கினார்.

வகைகள்

திரவ அமிலப் பேட்டரி விலை குறைந்தது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருப்போர் அறிந்ததுபோல, இதற்கு அவ்வப்போது காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் பெட்டிக்குக் காற்றோட்டம் கட்டாயம். கண்ணாடி இழையில் அமிலம் ஊறிய ஏஜிஎம் வகைக்கு நீர் ஊற்றும் வேலை இல்லை, ஆனால் விலை கூடுதல்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் எடை, அதே திறனுள்ள ஏஜிஎம் பேட்டரியின் எடையில் பாதிக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான சுழற்சிகள் உழைக்கும். பழையதைக் கழற்றிவிட்டு அப்படியே பொருத்தலாம் என்று விளம்பரங்கள் சொல்வது பாதி உண்மை. பெட்டியில் அது பொருந்தும், வண்டியின் மின்னமைப்போடு பொருந்துமா என்பதே கேள்வி.

பழைய வண்டிகளின் சார்ஜர் பலவும் 13.6 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். லித்தியம் பேட்டரி முழுமையாக நிரம்பப் பொதுவாக 14.2 முதல் 14.6 வோல்ட் வேண்டும். அடுத்தது ஆல்டர்னேட்டர். லித்தியத்தின் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால், கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் அது நெடுநேரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஆல்டர்னேட்டர் சூடேறிப் பழுதாகலாம். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜரை இடையில் பொருத்துவதே இதற்குத் தீர்வு. மூன்றாவது குளிர். 0 பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரிகளில் உள்ள மேலாண்மைச் சுற்று அப்போது சார்ஜைத் துண்டித்துவிடும். வண்டிக்கு வெளிப்புறப் பெட்டியில் வைப்பவர்கள் சூடேற்றும் வசதியுள்ள வகையை வாங்குவது நல்லது.

இந்தச் செலவுகளையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும். ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் வெளியே செல்வோருக்குக் கோல்ஃப் வண்டிப் பேட்டரிகளே இன்றும் சிக்கனமானவை. சூரியத் தகடுகளுடன் மாதக்கணக்கில் வண்டியில் வாழ்வோருக்கு லித்தியம் காலப்போக்கில் ஈடுகொடுக்கும்.

வாங்குவதற்கு முன்

பேட்டரி உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஈய-அமிலப் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் எதையும் இயக்காமல் விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 12.2 என்பது ஏறக்குறையப் பாதி. துருப்பிடித்த முனைகளோ கெட்டுப்போன சார்ஜரோ காரணமாயிருந்தால், புதிய பேட்டரிக்கும் அதே கதிதான். லித்தியத்தில் வோல்ட் அளவு நெடுநேரம் மாறாமல் நிற்பதால் மீதி இருப்பை அதைக்கொண்டு அறிய இயலாது. உள்ளே செல்லும், வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணும் அளவி தேவை.

பழையதையும் புதியதையும் ஒன்றாக இணைக்கக் கூடாது, நலிந்தது நல்லதையும் இழுத்துவிடும். அமெரிக்காவில் ஈய-அமிலப் பேட்டரி விற்கும்போது பல கடைகள் ஒரு முன்வைப்புத் தொகையையும் சேர்த்து வசூலிக்கும். பழைய பேட்டரியை ஒப்படைத்தால் அத்தொகை திரும்பக் கிடைக்கும்.