தொண்டு நிறுவனங்களும் மாணவர் பங்களிப்பும்

க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களே, "தொண்டு நிறுவனங்களுடன் இணைந்து மாணவர் ஆற்றக்கூடிய பணிகள்" என்பது தமிழ்மொழிக் கட்டுரைக்கும் குடியுரிமைக் கல்விப் பாடத்திற்கும் பொருந்தும் ஒரு விடயமாகும். இத்தலைப்பைக் கொடுத்தால் எமது வகுப்பிலே பெரும்பாலானோர் எழுதும் விடை ஒரே மாதிரியாக இருக்கும். தலைமைத்துவம் வளரும், ஆளுமை விருத்தியடையும், ஓய்வு நேரம் பயனுள்ளதாகக் கழியும், சான்றிதழ் கிடைக்கும். இவை பிழையல்ல. ஆனால் இவை எல்லாமே மாணவருக்குக் கிடைக்கும் நன்மைகள். தொண்டைப் பெற்றுக்கொள்பவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அந்த விடையில் ஒரு வரியேனும் இருப்பதில்லை. தொண்டு என்ற சொல்லின் பொருளே மற்றவர் நலனைச் சார்ந்தது என்பதால் இது சிறிய குறை அன்று.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஊதியம் பெறாமல், எவருடைய கட்டாயமுமின்றி, பிறர் நலனுக்காக ஒருவர் தமது நேரத்தையும் உழைப்பையும் வழங்குவதே தன்னார்வத் தொண்டு எனப்படும். இலாப நோக்கற்ற நிறுவனம் என்பது வருமானமே இல்லாத நிறுவனம் என்று சிலர் எழுதுகின்றனர். அது தவறு. அத்தகைய நிறுவனத்திற்கு நன்கொடை, சந்தா, விற்பனை எனப் பல வழிகளிலும் வருமானம் இருக்கலாம். மிஞ்சும் பணத்தை உறுப்பினர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளாமல் நிறுவனத்தின் நோக்கத்திற்கே செலவிடுவதுதான் வேறுபாடு. இலங்கையில் இவ்வாறான சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்வதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உள்ளது.

தொண்டு நிறுவனம் என்றவுடன் வெள்ளை வாகனமும் வெளிநாட்டு நிதியும் நினைவுக்கு வரத் தேவையில்லை. உங்கள் ஒழுங்கையின் முடிவிலுள்ள சனசமூக நிலையம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், முதியோர் சங்கம் ஆகியனவும் இலாப நோக்கற்றவையே. சென் ஜோன் அம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம், சர்வோதயம் போன்றவை நாடளாவியவை. சுன்னாகத்திலுள்ள வாழ்வகம் போல விழிப்புலனற்றோருக்கென இயங்கும் இல்லங்களும் உள்ளன.

கனதொலுவவில் நடந்தது

மாணவர் தொண்டுக்கு எமது நாட்டிலேயே சிறந்த உதாரணம் இருக்கின்றது. 1958ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கொழும்பு நாளந்தா கல்லூரியின் ஆசிரியரான ஏ.ரி. ஆரியரத்ன, ஏறத்தாழ 40 மாணவர்களையும் 12 ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்திலுள்ள கனதொலுவ என்ற கிராமத்திற்குச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த மக்கள் வாழ்ந்த கிராமம் அது. நகரத்து மாணவர்கள் அங்கேயே தங்கி, அம்மக்களுடன் சேர்ந்து உழைத்தார்கள். இலங்கையின் மிகப் பெரிய தன்னார்வ அமைப்புகளுள் ஒன்றான சர்வோதய சிரமதான இயக்கம் இந்த முகாமிலிருந்தே தொடங்கியது. ஆரியரத்னவுக்கு 1969இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. அவர் 2024 ஏப்ரலில் காலமானார்.

சிரமதானம் என்ற சொல்லைச் சிறிது கவனியுங்கள். "சிரமப்பட்டுக் கொடுக்கும் தானம்" என்று ஒரு மாணவர் எழுதியதைப் பார்த்திருக்கின்றேன். இங்கே சிரமம் என்பது உழைப்பு. உழைப்பைத் தானமாகக் கொடுப்பதே சிரமதானம். (உச்சி வெயிலில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அந்த மாணவரின் விளக்கமும் பிழையாகத் தோன்றாது.)

கனதொலுவ முகாமில் வெட்டப்பட்ட மண்ணின் அளவு முக்கியமல்ல. அந்த வேலையைக் கூலியாட்களைக் கொண்டு இதைவிட விரைவாகச் செய்திருக்கலாம். ஆனால் ஊரார் தள்ளிவைத்திருந்த மக்களுடன் பாடசாலைப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து பழகியதைக் கூலிக்கு வாங்க முடியாது. இரண்டாவதாக, அக்கிராமத்தவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களும் சேர்ந்தே உழைத்தனர். சர்வோதய முகாம்களில் எல்லோரும் கூடியிருந்து பேசும் "குடும்பக் கூட்டம்" என்ற வழக்கமும் உண்டு. தொண்டு செய்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நிற்கும் ஏற்பாட்டை இது மாற்றுகின்றது. உங்கள் விடையில் இந்த உதாரணத்தை எழுதுவதாயின் ஆண்டையும் ஊரையும் மட்டும் எழுதி நிறுத்தாமல் இந்த விளக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

தேவையைத் தீர்மானிப்பவர் யார்?

எமது பிரதேசத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்திற்குப் பிறந்தநாள், திவசம் என்று மதிய உணவு கொடுப்பவர்கள் பலர். சில நாட்களில் இரண்டு மூன்று வீட்டுச் சாப்பாடு ஒன்றாக வந்து சேரும். மாணவர் குழுவொன்று ஒருமுறை பிஸ்கட் பெட்டிகளுடன் சென்று படமும் எடுத்துக்கொண்டு திரும்பியது. அங்கிருந்த பாட்டி ஒருவருக்கோ, வெளிநாட்டிலுள்ள மகனுக்கு எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. பின்னர் ஒரு மாணவி இரண்டு கிழமைக்கு ஒருமுறை சென்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தாள். செலவு ஒரு தாளும் பேனையும்தான்.

ஆகவே, "நாங்கள் என்ன கொண்டுவரலாம்?" என்பதற்கு முன்னர் "இங்கே என்ன வேலை தேங்கிக் கிடக்கிறது?" என்று நிறுவனத்தைக் கேட்க வேண்டும். பதில் பெரும்பாலும் கவர்ச்சியற்றதாகவே இருக்கும். சனசமூக நிலையத்தில் பத்திரிகைகளை அடுக்குதல், நூலகப் புத்தகங்களுக்கு உறை போட்டு இலக்கமிடுதல், விழிப்புலனற்ற மாணவருக்குப் பாடநூலை வாசித்து ஒலிப்பதிவு செய்தல், சிறு பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்குதல் முதலியன அவை. இவற்றில் ஒலிப்பதிவு செய்தலை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகின்றேன். தரம் 10 வரலாற்று நூலின் ஓர் அலகை நிறுத்தி நிதானமாக, படங்களையும் விளக்கி வாசித்துப் பதிவு செய்தால் அது மற்றொரு மாணவருக்குப் பரீட்சை வரை பயன்படும். வாசித்தவருக்கும் அந்த அலகு மனதில் பதிந்துவிடும்.

இரத்ததானம் பற்றியும் ஒரு தெளிவு தேவை. இலங்கையில் இரத்தம் வழங்குவதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எனவே சாதாரண தர மாணவர் "நாம் இரத்ததானம் செய்ய வேண்டும்" என்று எழுதுவது பொருத்தமற்றது. முகாமை ஒழுங்குசெய்யும் கழகத்துடன் சேர்ந்து பெயர் பதிதல், வந்தவர்களுக்குக் குடிபானம் கொடுத்தல், ஊரில் அறிவித்தல் ஆகியவற்றைச் செய்யலாம்.

அனர்த்த காலம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியினால் ஏற்பட்ட வெள்ளமும் மண்சரிவும் 600இற்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. இப்படியான வேளைகளில் உதவ வேண்டும் என்ற துடிப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் பயிற்சியற்ற மாணவர் வெள்ளத்துக்குள் இறங்கினால் மீட்க வேண்டியவர்களின் தொகையில் ஒன்று கூடும். முதலுதவிப் பயிற்சி அனர்த்தத்திற்கு முன்னரே பெறப்பட வேண்டியது. பயிற்சி இல்லாதவர்களுக்கும் வேலை உண்டு. சுனாமியின்போது முகாம்களுக்குப் பொருந்தாத உடைகளும் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து, அளவு வாரியாகக் கட்டி, யாருக்கு என்ன கிடைத்தது என்று பட்டியல் எழுதுவதற்கு ஆட்கள் தேவை. பட்டியல் சரியில்லை என்றால் ஒரு குடும்பத்திற்கு இருமுறை கிடைக்கும், பக்கத்துக் குடும்பத்திற்கு ஒன்றும் கிடைக்காது.

நேரமும் பாதுகாப்பும்

ரியூசன் நடத்தும் நானே இதைச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். சனி, ஞாயிறு முழுவதையும் வகுப்புகளால் நிரப்பிய பிள்ளைக்குத் தொண்டு செய்ய நேரம் எங்கே இருக்கின்றது? பல்கலைக்கழக அனுமதியும் இசட் புள்ளியை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றது, தொண்டுக்கு அங்கே புள்ளி இல்லை. எனவே பெற்றோர் தயங்குவது விளங்கிக்கொள்ளக்கூடியதே. இரண்டு கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் போதும் என்பது எனது கருத்து. சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தரம் தொடங்கும் வரையுள்ள மாதங்களில் இதைவிடக் கூடுதலாகச் செய்யலாம். வருவதாகச் சொன்ன நாளில் வர வேண்டும் என்பதே முக்கியம். உங்களை எதிர்பார்த்திருக்கும் சிறு பிள்ளைக்கு, நீங்கள் மூன்று முறை வந்து நான்காம் முறை வராமல் விடுவது, ஒருபோதும் வராமல் இருந்ததைவிட மோசமானது. தொடர முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவித்து இன்னொருவரை ஒப்படைத்துச் செல்லுங்கள்.

நிறுவனம் பதிவுசெய்யப்பட்டதா, பொறுப்பானவர் யார், வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பவற்றை அறிந்து, பெற்றோரின் அனுமதியுடன் செல்லுங்கள். தனியாக அன்றி இருவர் மூவராகச் செல்வது நல்லது. மனதுக்கு ஒவ்வாத ஏதும் நடந்தால் உடனே வீட்டில் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்திற்கும் அழைக்கலாம். உதவி பெறுபவரின் முகத்தைப் படமெடுத்துப் பரப்ப வேண்டாம். பாடசாலைப் பை வாங்குவதற்காகக் கைநீட்டி நிற்கும் படத்தை அந்தப் பிள்ளையின் வகுப்பு நண்பர்களும் பார்ப்பார்கள்.

விடை எழுதும்போது

கட்டுரையாயின் பல பணிகளின் பெயர்களை அடுக்குவதைவிட இரண்டை எடுத்து, தேவை யாருடையது, மாணவர் செய்தது என்ன, அதன் பின் என்ன மாறியது என்று விளக்குங்கள். கட்டாயமாக வரவு எடுத்துச் செய்விக்கும் பாடசாலைத் துப்புரவு தன்னார்வத் தொண்டாகுமா என்ற கேள்வி எழுந்தால், வரைவிலக்கணப்படி ஆகாது என்று எழுதலாம். அதற்காக வெள்ளிக்கிழமை துப்புரவுக்கு வராமல் நிற்க வேண்டாம்.

பயிற்சி வினா: உமது கிராமத்திலுள்ள இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றைத் தெரிவுசெய்க. அங்கு தேங்கியுள்ள வேலை ஒன்றைப் பொறுப்பாளரிடம் கேட்டறிந்து, உமது வகுப்பு மாணவர் ஐவர் மூன்று மாதங்களில் அதை எவ்வாறு நிறைவேற்றலாம் என்பதை விளக்கி, அந்நிறுவனத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுக.