ஆன்டிபாடி எண் எதற்கு உதவும், எந்தக் காகிதம் கைகொடுக்கும்?

2021 மே மாதம் லக்னோவில் ஒருவர் காவல் நிலையத்துக்குப் போனார். கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டின் முதல் தவணையைப் போட்டுக்கொண்ட பிறகு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார். போதிய ஆன்டிபாடி உருவாகவில்லை என்று முடிவு வந்தது. தான் ஏமாற்றப்பட்டதாக நினைத்து, ஊசி தயாரித்த நிறுவனத்தின் தலைவர் மீதும் அதிகாரிகள் மீதும் புகார் கொடுத்தார். அந்த வருடம் அந்தப் பயம் அவருக்கு மட்டும் இருக்கவில்லை. ஊசி போட்டவர்களும் காய்ச்சலிலிருந்து தேறியவர்களும் காசு கட்டிப் பரிசோதித்து, வந்த எண்ணை அக்கம்பக்கத்தாரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணை நம்புவதற்கு முன், ஆய்வகம் எதைத் தேடியது என்று கேட்டிருக்க வேண்டும். சில பரிசோதனைகள் வைரஸின் வெளிப்புறத்திலுள்ள ஸ்பைக் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும். வேறு சில, உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானதைத் தேடும். கோவிஷீல்டு உடலுக்குக் காட்டிக்கொடுப்பது ஸ்பைக்கை மட்டுமே. ஆகவே தொற்றே வராமல் கோவிஷீல்டு போட்டவர் இரண்டாவது வகைப் பரிசோதனைக்குப் போனால், ஊசி நன்றாக வேலை செய்திருந்தாலும் ‘நெகட்டிவ்’ என்றுதான் வரும். இன்னொரு தடுப்பூசியான கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸால் ஆனது. அதைப் போட்டவருக்கு இரண்டு வகை ஆன்டிபாடியும் உருவாகக்கூடும்.

சரியான பரிசோதனையே செய்தாலும், இத்தனை இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லும் அளவுகோல் கிடையாது. ஆன்டிபாடி குறைந்த பிறகும் டி செல்கள் உடலில் காவல் இருக்கும். அவற்றை இந்தப் பரிசோதனை பார்ப்பதில்லை. ஊசிக்குப் பிறகு எதிர்ப்பாற்றலை அளக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 மே மாதமே சொல்லிவிட்டது. எண் அதிகம் என்று இரண்டாம் தவணையைத் தள்ளிப்போட்டால் அது உண்மையான ஆபத்து.

இந்தப் பரிசோதனையின் பலன் ஊரளவில்தான் தெரியும். 2021 ஜூன், ஜூலையில் தமிழகத்தில் நடந்த ஆய்வில் 66 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. விருதுநகரில் 84, ஈரோட்டில் 37. எந்த மாவட்டத்துக்கு ஊசி அவசரம் என்பதை இப்படியான எண்கள் காட்டிக்கொடுக்கும்.

உரிமை என்று வரும்போது கேட்கப்படும் காகிதங்களே வேறு. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. ஆர்டி-பிசிஆர் போன்ற பரிசோதனையில் தொற்று உறுதியாகி 30 நாட்களுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கணக்கில் வரும். ஏற்கப்படும் பரிசோதனைகளின் பட்டியலில் ஆன்டிபாடி முடிவு இல்லை. இறப்புச் சான்றிதழில் ‘கோவிட்’ என்ற சொல் இல்லை என்பதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. மறுக்கப்பட்டவர்களுக்காக மாவட்டக் குறைதீர்ப்புக் குழு ஏற்படுத்தப்பட்டது. மருத்துவமனையின் பதிவேடுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஊசியின் பக்கவிளைவு விஷயத்தில் தமிழகம் மறக்க முடியாதது நடிகர் விவேக்கின் மரணம். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று இறந்தார். தடுப்பூசி மையங்களில் கூட்டம் குறையும் அளவுக்குப் பயம் பரவியது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியானது. அந்த இடைவெளியில் வதந்தி எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்! முறையான விசாரணை சீக்கிரம் நடந்து, முடிவும் உடனே மக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

மிக அரிதாக நிஜமான பாதிப்பும் உண்டு. ரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் டிடிஎஸ் அப்படிப்பட்டது. ஊசி போட்ட சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் விடாத தலைவலி, மூச்சுத்திணறல், கடும் வயிற்றுவலி, கால் வீக்கம், தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாவட்டத் தடுப்பூசி அலுவலரிடமோ புகாரைப் பதிவு செய்யலாம். 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்ற உச்ச நீதிமன்றம், பொதுமக்களும் தனியார் மருத்துவர்களும் பாதிப்புகளைத் தெரிவிக்க வழி செய்யுமாறும் அரசுக்கு உத்தரவிட்டது.

இழப்பீடு அவ்வளவு எளிதாக இல்லை. ஊசியால் பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாம் என்பதே, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் தொடுத்த வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்ன பதில். அந்தப் பெற்றோரிடம் வழக்கு நடத்திக்கொள்ளுங்கள் என்று ஓர் அரசு சொல்வது நியாயமாகாது. பிரிட்டனில் தடுப்பூசியால் கடுமையாக ஊனமுற்றவருக்கு 1,20,000 பவுண்டு தரும் திட்டம் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது.

காசு கட்டிச் சிகிச்சை பெற்ற தனியார் மருத்துவமனையில் கவனக்குறைவு நடந்தது என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அவற்றுக்கு உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான். எங்கே போனாலும் முதலில் கேட்பது சிகிச்சைப் பதிவேடுகளைத்தான். நோயாளியோ உரிமை பெற்ற உறவினரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. கடிதம் கொடுக்கும்போதே, தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நகலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.