வால்பாறை ரோட்டில் அடிபட்ட சிங்கவால் குரங்கு... தூக்கலாமா, கூடாதா?

வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவது உண்டு. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியும் ஆபத்து முழுசா நீங்கவில்லை.

அடிபட்டதைப் பார்த்தால் என்ன செய்யணும்?

* ஹசார்டு லைட் போட்டு வண்டியை ஓரங்கட்டுங்க. தள்ளியே நில்லுங்க. வலியில் இருக்கும் குரங்கு கடிக்கும்.

* தண்ணி, பிஸ்கட் எதுவும் கொடுக்காதீங்க. செல்ஃபியும் வேண்டாம்.

* பக்கத்து வனத்துறை செக்போஸ்ட்டுக்குச் சொல்லுங்க. நம்பர் தெரியாவிட்டால் 112. எஸ்டேட் பெயரையோ, கொண்டை ஊசி வளைவின் எண்ணையோ சொன்னால் இடம் சட்டுனு பிடிபடும்.

'நாமே காரில் தூக்கிட்டுப் போனா என்ன?'

வேண்டாம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. அனுமதியில்லாமல் பிடிப்பதும் சட்டத்தின் பார்வையில் 'வேட்டை'தான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, கூடவே குறைந்தது ரூ.25,000 அபராதம்.

இறந்து கிடந்தால்?

அதன் உடல் அரசுச் சொத்து. கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கணும்.

மோதியது உங்க வண்டியாகவே இருந்தாலும் நின்னு தகவல் சொல்லுங்க. டாக்டர் சீக்கிரம் வந்தால், அது பிழைக்க வழியிருக்கு.