பிரேக்கும் நாணயமும்

மோட்டார் கார் ஒரு காலத்தில் தனவந்தர்களின் ஆடம்பரமாக இருந்தது. இன்று சம்பளக்காரரும் சிறு வியாபாரியும் கடன் வாங்கியாவது ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். அது குற்றமன்று. ஆனால் வண்டியை ஓட்டத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அதை நிறுத்தும் கருவியைக் கவனிக்கிறார்கள்? இக் கேள்வி சொந்தக்காரரை மட்டும் பொறுத்ததன்று. தேய்ந்த பிரேக்குடன் ஒரு கார் வருவது தெருவில் நடப்பவருக்குத் தெரியாது. அவருடைய சம்மதத்தை எவரும் கேட்பதுமில்லை. ஆகவே இது பொதுஜன விவகாரமென்றே நாம் கருதுகிறோம்.

வேகம் இரட்டித்தால் வண்டியின் இயக்க சக்தி நான்கு மடங்காகிறது. அதை உஷ்ணமாக மாற்றி வெளியேற்றுவதே பிரேக்கின் வேலை. புதிய பிரேக் பேடில் உராயும் பாகம் சுமார் 10 மில்லிமீட்டர் கனமிருக்கும். அது 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றுவதே உசிதம். சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்தால் பல கார்களில் வெளிப்பேடு தெரியும். உள்பேடு முந்தித் தேய்வதும் உண்டாதலால், சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதே நிச்சயமான வழி.

காதும் காலும் சொல்வதையும் கேட்க வேண்டும். பிரேக் பிடிக்கையில் எழும் கீச்சொலி, பல பேடுகளில் எச்சரிக்கைக்கென்றே வைத்த தகட்டின் குரலாக இருக்கலாம். அதை அலட்சியம் செய்தால் இரும்போடு இரும்பு அரைபட்டு டிஸ்க்கும் பாழாகும். மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும். சிவப்பு விளக்கு எரிந்தாலோ, அன்றே வண்டியைக் காட்டுவது கடமை.

பிரேக் எண்ணெயைப் பலர் மறந்தே விடுகிறார்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற வகைக்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ். ஈரமேறிய நிலையில் 155 தான். எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், மிதி அடிவரை போயும் வண்டி நில்லாது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளைத் தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவோர் இதைச் சிந்திப்பார்களாக.

இனி, யாரை நம்புவது? நல்ல பேடைத் தேய்ந்ததென்று சொல்லிப் பணம் பறிப்பது ஒரு வகை அநீதி. தேய்ந்ததை நன்றாயிருக்கிறதென்று அனுப்பிவைப்பது அதனினும் கொடியது. யோக்கியமான பட்டறைக்காரர் கனத்தை அளந்து காட்டுவார். செலவை முன்கூட்டி எழுதித் தருவார். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே பேடு மாற்றுவார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே காட்டுவார். வண்டியை ஓட்டிப் பார்த்தபின்பே ஒப்படைப்பார். காரணம் கேட்டால் சினப்பவரிடமிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறிடத்தில் அபிப்பிராயம் கேட்பதில் வெட்கமில்லை.

கம்பெனிப் பட்டறையில்தான் நியாயம் கிடைக்குமென்று எண்ணுவதும் தவறு. சுதந்திரப் பட்டறைகளுக்கு உதிரிப் பாகங்கள் கிடைக்காதபடி செய்ததற்காக, 2014-ஆம் வருஷத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன்மேல் அப்பீல்கள் எழுந்தன; ஆயினும் சிறு பட்டறைக்காரரின் உரிமை அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடாமையை முறைகேடான வியாபாரப் பழக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சேவையில் குறைபாடிருந்தால் இரண்டு வருஷங்களுக்குள் மாவட்ட நுகர்வோர் கமிஷனில் முறையிடலாம். ஆனால் கையில் ரசீது இல்லாதவருடைய வழக்கு பலவீனமானது. பில் வேண்டாமென்று வரியை மிச்சம் பிடிப்பவர் தமது ஆயுதத்தைத் தாமே எறிந்துவிடுகிறார்.

உரிமையைக் கேட்பவருக்குக் கடமையும் உண்டு. உண்மை சொல்லும் மெக்கானிக்கின் கூலியில் பேரம் பேசி, மலிவான போலிப் பேடைப் போடச் சொல்லிவிட்டு, பின்னர் நாணயம் அழிந்துவிட்டதென்று புலம்புவதில் பயனில்லை. நாணயத்துக்கு உரிய விலையைக் கொடுக்க நாம் தயாராயிருந்தால்தான், நாணயமுள்ளவர் தொழிலில் நிலைத்திருப்பார்.