பீரோவில் தூங்கும் கல்யாண டிவிடி... டிரைவ் இல்லாத லேப்டாப்பில் பார்ப்பது எப்படி?

வள்ளியை முருகப்பெருமான் மணம் முடித்த தலம் என்பதால், திருத்தணி மலைக்கோயிலில் முகூர்த்த நாள் என்றாலே கல்யாணக் கூட்டம்தான். 2000-களில் அங்கே தாலி கட்டிக்கொண்ட பலரின் வீட்டு பீரோவில், மாப்பிள்ளை - பொண்ணு படம் போட்ட டிவிடி ஒன்று இன்னமும் இருக்கும். அதில் அட்சதை போடும் தாத்தா, பாட்டிகளில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் நடந்து, சிரித்து, பேசும் காட்சி அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் மிச்சம்.

ஆனால் பார்ப்பது எப்படி? பழைய டிவிடி பிளேயர் ரிப்பேர். புது லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லை. இதற்கு உதவுவதுதான் எக்ஸ்டர்னல் டிவிடி டிரைவ்.

லேப்டாப்பில் டிரைவ் ஏன் காணாமல் போனது?

மெலிதான லேப்டாப் வேண்டும் என்பதுதான் காரணம். 2008-ல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய மேக்புக் ஏர், டிஸ்க் டிரைவ் இல்லாமலேயே வந்தது. பென் டிரைவும் இணையமும் பரவியதும் மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்துவிட்டன.

எதைப் பார்த்து வாங்கணும்?

சாதாரண 'டிவிடி ரைட்டர்' போதும். சிடி, டிவிடி இரண்டையும் படிக்கும். புளூ-ரே டிஸ்க் மட்டும் இதில் ஓடாது. வாங்கும் முன் லேப்டாப்பில் இருப்பது அகலமான பழைய யுஎஸ்பி போர்ட்டா, சின்ன டைப்-சி போர்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

* தனியாக டிரைவர் சாஃப்ட்வேர் பெரும்பாலும் தேவையில்லை. செருகினாலே லேப்டாப் கண்டுபிடித்துவிடும்.
* நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள். மோட்டார் சுற்றத் தொடங்கும்போது மின்சாரம் அதிகம் தேவைப்படும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்; 3.0 போர்ட் தருவது 900. பல சாதனங்கள் மாட்டிய ஹப்பில் செருகினால் டிரைவ் சுற்றுவதும் நிற்பதுமாக மக்கர் பண்ணலாம்.
* கேபிளில் இரண்டு யுஎஸ்பி முனை இருந்தால் இரண்டையும் செருகுங்கள். இரண்டாவது முனை கூடுதல் மின்சாரத்துக்கு.
* தட்டைக் கீழே ஒரு கையால் தாங்கிக்கொண்டு, டிஸ்க்கின் நடுப்பகுதியை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். சும்மா மேலே வைத்து மூடினால் டிஸ்க்கில் கீறல் விழும்.

டிஸ்க் தெரியுது, படம் ஓடலையே?

பயப்பட வேண்டாம், டிஸ்க் கெட்டுப்போகவில்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்துத் தருவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரை இன்ஸ்டால் செய்து, அதன் மீடியா மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' கொடுத்தால் படம் ஓடும்.

முதல் வேலை, காப்பி எடுப்பது

வீட்டு விசேஷங்களைப் பதிவு செய்த டிவிடிகளில், தகவல் ஒருவகைச் சாயப் படலத்தில்தான் பதிவாகியிருக்கும். வெயில், சூடு, ஈரப்பதம் மூன்றுமே அதற்கு ஆகாது. கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கும். அங்கே 15, 20 வருஷம் கிடந்த டிஸ்க் இன்று ஓடுகிறது என்பதற்காக அடுத்த வருஷமும் ஓடும் என்று சொல்ல முடியாது. அதனால் ரசிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே லேப்டாப்புக்கு காப்பி செய்யுங்கள். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. டிஸ்க் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, காப்பி ஆன வீடியோவை ஆரம்பம், நடு, கடைசி என மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள். செல்போனில் பார்க்க வேண்டுமானால் 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச சாஃப்ட்வேரில் எம்பி4 ஆக மாற்றலாம்.

ஒரே பென் டிரைவை நம்ப வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒன்று என இரண்டு காப்பி இருக்கட்டும். பழைய டிஸ்க்கையும் தூக்கிப் போடாதீர்கள்.

டிஸ்க்கைப் படிக்கவே இல்லையா?

மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் சுருள் வடிவத்தில் பதிவாகியிருப்பதால், அதே போக்கில் விழும் கீறல் அடுத்தடுத்த காட்சிகளைச் சேர்த்தே கெடுக்கும். மேலே ஒட்டிய படத்தையும் உரிக்காதீர்கள். சிடியில் தகவல் அடுக்கு அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அப்படியும் வரவில்லை என்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பதுண்டு. விரிசல் விட்ட டிஸ்க்கை மட்டும் எதிலும் போட வேண்டாம். வேகமாகச் சுற்றும்போது உடைந்து சிதறலாம்.

வீட்டுக்கு ஒரு டிரைவ் வாங்கணும் என்றும் இல்லை. ஒருவர் வாங்கினால் பெரியப்பா வீடு, சித்தி வீடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். எதிலிருந்து தொடங்குவது என்று குழப்பமா? வேறு யாரிடமும் காப்பி இல்லாத டிஸ்க்கை முதலில் எடுங்கள்.